சும்மா கிடந்த நிரை

2025 செப்டெம்பர் 18, வியாழக்கிழமை. எங்கள் தோட்டத்து மேல்மலையில் குளவிகள் கிளம்பியபோது, அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் செய்தி போயிற்று. ஜீவராணிக்கு மட்டும் போகவில்லை. இதுவே என் முறைப்பாடு.

மறுநாள் பத்திரிகையில், குளவிக் கொட்டுக்கு இலக்காகிப் பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார் என்று நான்கு வரிகள் வந்தன. அந்த வரிகளில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வாசிப்பவர் ‘பாவம், விதி’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதற்கு வசதியாகவும் அவை இருந்தன. நான் புரட்ட விடமாட்டேன். நடந்ததை, நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிறது. அதன் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். பிறந்தது வடக்கில், நியமனம் பெற்று இங்கே வந்தவன் இங்கேயே இருந்துவிட்டேன். பாடசாலைச் சுவருக்கு அடுத்ததாக, மேல்மலையை நேரே பார்த்தபடி என் வீடு நிற்கிறது. நான் வந்திறங்கிய அன்று, என் ஊர்ப்பேச்சைக் கேட்டு இந்தச் சனங்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே நாற்காலி போட்டுத் தேநீரும் தந்தார்கள். வெளியிலிருந்து வந்தவனைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று இவர்களைப் பற்றி எவரும் சொல்ல முடியாது. என் கோபம் இத்தனை பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

ஜீவராணி வெளியிலிருந்துகூட வந்தவளல்லள். அவளுடைய பெற்றோர் இந்தத் தோட்டத்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கைக்குழந்தையோடு வவுனியாவுக்கு ஓடினார்கள். அங்கேயும் போர் துரத்தியதால் மன்னாரில் படகேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். அந்தக் கைக்குழந்தைதான் ஜீவராணி. தமிழ்நாட்டு அகதி முகாமொன்றில் வளர்ந்தாள், முகாமிலேயே மணமுடித்தாள். வர்ணம் பூசும் வேலைக்குப் போன கணவன் சாரம் சரிந்து இறந்தபின், மகள் ஜெயந்தினியை அழைத்துக்கொண்டு சென்ற ஆண்டு இங்கே திரும்பினாள். மாமன் முறையான ஒருவர் தம்முடைய லயத்து இஸ்தோப்பை, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டு அறைக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய தாழ்வாரத்தை, பலகை அடித்து மறைத்துக் கொடுத்தார். தாயும் வயதுவந்த மகளும் அதில் குடியிருந்தார்கள்.

துரை தலைமையிலான தோட்ட நிர்வாகம் அவளைப் பெயர் பதிந்த தொழிலாளியாக ஏற்கவில்லை. அன்றன்று பறித்த கொழுந்துக்கு அன்றன்றே கூலி என்னும் கைக்காசு வேலையைத்தான் கொடுத்தது. அவள் அதற்கும் தலையாட்டினாள்.

காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பெரட்டுக்களம் என் வேலியோரத்தில்தான் இருக்கிறது. ஆகையால், அவளுடைய முதல்நாட் பெரட்டை நான் கேட்டேன்.

“பேரு என்னா?” என்றார் வேலையை மேற்பார்க்கும் கங்காணி வீரசிங்கம்.

“ஜீவராணிங்க சார்.”

“எனக்கே சார்னா, தொரை வந்தா என்னான்னு கூப்புடுவ?”

பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவளான அங்கம்மா முன்னால் வந்து, புதியவளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தியாவுல என்னாடி வேல செஞ்ச?”

“கல்குவாரியிலம்மா. அப்புறம் செங்கல் சூளையில.”

“அதான் கையி இப்புடி இருக்கு. இதப் பாத்தாலே கொழுந்து பயந்து உள்ளாற போயிருமே.”

“டீக்கு எத்தன மணிக்கும்மா விடுவாங்க?”

“டீயா? அது பங்களாவுல. நம்மளுக்குத் தேத்தண்ணிதான்டி. அதுவும் கங்காணி மொகத்தப் பாத்துக்கிட்டே குடிக்கணும், சீனி தேவைப்படாது.”

ஜீவராணியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அன்று யாதொரு கெடுதியும் இருக்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கெடுதி பிறகு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் நிரைகளாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு தேயிலை நிரைக்கு ஒருத்தி. அடுத்த நிரைக்கு அடுத்தவள். கை நீட்டினால் ஒருத்தி மற்றவளைத் தொடலாம். ஜீவராணியைப் பாக்கியலெட்சுமிக்கு அடுத்த நிரையில், கடைசியாக, கற்பாறையோரத்தில் நிறுத்தினார்கள். பாக்கியலெட்சுமி பெயர் பதிந்தவள், கெட்டிக்காரி, அந்தக் கூட்டத்தில் சொல்லுக்கு மதிப்புள்ளவள். சில மாதங்களுக்குள் ஜீவராணியின் கை, அவளுடைய கையளவுக்கு ஓடத் தொடங்கிற்று. எல்லைச் செடி யாருடையது என்று அறியாமல் சில வேளை பக்கத்து நிரையிலும் அந்தக் கை கிள்ளிவிட்டது.

“இந்தியாக்காரி என் கொழுந்தக் கிள்ளுறா,” என்று பாக்கியலெட்சுமி கங்காணியிடம் சொன்னாள். ஆனால் உண்மையான பயம் அதுவன்று. அதை என்னிடம் குழாயடியில் வைத்துச் சொன்னாள்.

“நீங்க அவளுக்குப் பரிஞ்சு பேசுறீங்க மாஸ்டர். வேணாங்கல. ஆனா நேத்து வந்தவ இத்தன கிலோ எடுக்குறான்னா, தொரை என்னா சொல்லுவாரு? ஒங்களுக்கு மட்டும் என்னா கையில சுளுக்கான்னு கேப்பாரு. ஒரு நாள் பேருக்கு, அதான் முழுச் சம்பளத்துக்கு, எடுக்குற கிலோவ ஏத்திருவாரு. அவளுக்கென்னா, கைக்காசு. அனுபவிக்கிறது நாங்கதானே?”

அவளுடைய பயம் பொய்யானதல்ல என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைத் துரையிடம் கேட்க வேண்டியவர்கள், துரையிடம் கேட்கவில்லை. ஜீவராணியைத் தள்ளி நிறுத்தினார்கள். அதற்கு வழி கண்டவர் கங்காணி. பாக்கியலெட்சுமிக்கும் ஜீவராணிக்கும் இடையில் ஒரு நிரையை வெறுமையாக விடச் சொன்னார். போகும்போது அது சும்மா கிடக்கும். திரும்பி வரும்போது பாக்கியலெட்சுமியே அதைக் கிள்ளிக்கொள்வாள். எல்லைச் சண்டை தீர்ந்தது. எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. ‘சும்மா நிரை’ என்று அதற்கு ஒரு பெயரும் விழுந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலைகளில் பாறையிடுக்கிலும் மரக்கிளையிலும் குளவிகள் கூடு வைக்கின்றன. அவை கிளம்பினால் பெண்கள் கத்துவதில்லை. கத்தினால் குளவி அந்தச் சத்தத்தைத் தேடி வரும் என்று இவர்கள் நம்புகிறார்கள். ஆகவே, முதலில் காண்பவள் பக்கத்து நிரையில் நிற்பவள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிடித்து இழுப்பாள். அவள் அடுத்தவளை இழுப்பாள். இழுபட்டவள் ஒரு சொல்லும் பேசாமல், மழைநீர் வடிவதற்கு வெட்டிய கானுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்வாள். கூட்டம் முழுவதும் சில விநாடிகளில் மலையிலிருந்து காணாமற் போய்விடும். இந்த வழக்கத்தால் எத்தனையோ முறை உயிர்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் அது நிற்பது ஒன்றின் மேல் மட்டுமே: பக்கத்து நிரையில் ஒருத்தி இருக்க வேண்டும்.

ஜீவராணி இதை எவரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வந்து நின்றாள்.

“இருங்கோ பிள்ளை, ஏன் நிக்கிறியள்?” என்றேன்.

அவள் உட்காரவில்லை. “எனக்குப் பேர் பதியணும்னு நான் கேக்கல சார். நெறஞ்ச கொழுந்துக் கூடையக்கூட நானே தூக்கி வெச்சுக்குறேன். அந்த அக்கா ஒரே ஒரு நிரை கிட்ட வந்து நின்னாப் போதும். குளவி வந்தா என்னை யாருங்க சார் இழுப்பாங்க?”

“எல்லைச் செடியைத் தொடமாட்டன் எண்டு சொல்லிப் பாத்தியளோ?”

“என் நிரையிலயே பாதிய அவங்க கிள்ளிக்கட்டும்னும் சொல்லிட்டேன் சார். அங்க இருந்த வரைக்கும் சிலோன்காரின்னு தள்ளி வெச்சாங்க. இங்க வந்தா இந்தியாக்காரி. சரி, பேர் என்னவோ வெச்சுக்கட்டும். ஆளு தள்ளி நிக்காம இருந்தாப் போதும்.”

அன்று மாலையே நான் அவளை அழைத்துக்கொண்டு பாக்கியலெட்சுமியின் வீட்டுக்குப் போனேன். அவள் முகங்கோணவில்லை. “வாங்க மாஸ்டர், ஒக்காருங்க. நீயும் ஒக்காருடி,” என்றாள். இருவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் தந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு இவ மேல கோவமில்ல மாஸ்டர். நிரை பிரிச்சது கங்காணி. அவருகிட்டயே கேளுங்க. அவரு சரின்னா அடுத்த றவுண்டுக்குக் கிட்ட நிக்கிறேன்.”

றவுண்டு என்பது, பறித்த மலைக்கே மறுபடியும் பறிக்க வரும் முறை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று.

கங்காணி வீரசிங்கத்தைப் பெரட்டுக்களத்தில் பிடித்தேன்.

“நானா மாஸ்டர் வேணாங்குறேன்? பொம்பளைங்க ஒத்துக்கிட்டாச் சரி. நாளைக்கு நிரையில சண்டையின்னா நீங்களா வந்து வெலக்குப் புடிப்பீங்க?”

“அவை உங்களைக் கேக்கச் சொல்லினம் கங்காணியார். நீங்கள் அவையைக் கேக்கச் சொல்லுறியள். நான் ஆரைக் கேக்கிறது?”

“கேட்டது போதும் மாஸ்டர். அடுத்த றவுண்டுக்குப் பாப்போம்.”

அந்த றவுண்டு போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. நான் தோட்டக் காரியாலயத்துக்கும் போனேன். நிரை பிரிப்பது கங்காணியின் பொறுப்பு என்றும், கைக்காசுக்கு வருபவர்களைப் பற்றி நிர்வாகம் எதுவும் சொல்வதற்கில்லை என்றும், மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஒரு பெண்ணை ஒரு முழம் நகர்ந்து நிற்கச் சொல்வதற்கு இந்த நாட்டில் ஓர் அதிகாரியும் இல்லை.

அந்த வியாழக்கிழமை, வெயில் ஏறிய நேரம், நான் முற்றத்தில் நின்றேன். மேல்மலையில் அவர்கள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வண்ணவண்ணச் சாக்குகள் ஓர் ஒழுங்கில் தெரிந்தன. அப்புறம் ஓர் இடைவெளி. அப்புறம் பாறையோரத்தில் ஜீவராணியின் நீலச் சாக்கு. சவுக்கு மரம் நின்ற மறுகோடியில் கழுகொன்று தாழ்ந்து வந்து, கிளையை மோதிவிட்டு எழும்பியதைக் கண்டேன். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

பிறகு அந்தக் கோடியில் ஒரு தலை மறைந்தது. அடுத்த தலை மறைந்தது. சீட்டுக்கட்டைக் கவிழ்ப்பது போல், மறுகோடியிலிருந்து வரிசை முழுவதும் சத்தமின்றிச் சரிந்துகொண்டே வந்தது. எனக்கு விளங்கிற்று. அங்கம்மா குனிந்தாள், பாக்கியலெட்சுமியின் சாக்கை இழுத்தாள். பாக்கியலெட்சுமி திரும்பினாள்.

அவள் கையை நீட்டினாள். இதை நான் என் கண்ணால் கண்டேன். எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். அவள் சும்மா நிரைச் செடிகளின் மேல் வயிறு படியச் சாய்ந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. உடனே தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி ஜீவராணியை நோக்கி எறிந்தாள். இலைக்கு என்ன பாரம் இருக்கிறது? அது அந்த வெறும் நிரையிலேயே சிதறி விழுந்தது. பிறகு அவளும் கானுக்குள் இறங்கிவிட்டாள்.

நான் கத்தினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். என் முற்றத்துக்கும் மேல்மலைக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கே கிடக்கிறது. காற்று என் பக்கம் வீசிற்று.

மலை முழுவதிலும் நின்றபடி அசைந்துகொண்டிருந்த உயிர் அவள் ஒருத்தியே. குளவிகளுக்கு வேறு யாரும் அகப்படவில்லை. பாறைப்பக்கம் முகம் வைத்துப் பறித்துக்கொண்டிருந்தவள் முதலில் கழுத்தைத் தட்டினாள், பிறகு தலையை, பிறகு திரும்பி, தன் பக்கத்தில் ஒருவரும் இல்லாததைப் பார்த்தாள். அவர்கள் போய்விட்டார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் ஓடினாள். கான் இருந்த பக்கம் ஓடவில்லை. அங்கே அவர்கள் படுத்திருந்தார்கள். மேலே, வெறும் புல்வெளிப்பக்கம் ஓடினாள். வழி தெரியாமல் ஓடினாளா, தெரிந்துதான் ஓடினாளா என்பதை என்னால் சொல்ல முடியாது. எனக்கு இப்போது உறக்கம் இல்லாமல் இருப்பதற்கு அந்தக் கேள்வியே போதும்.

கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் உயிர் போயிற்று.

சாவீட்டுக்குத் தோட்டமே திரண்டு வந்தது. அன்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. தப்பு முழங்கிற்று. கங்காணி வீரசிங்கம் பாடை தூக்கினார். அங்கம்மா ஜெயந்தினியை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு அழுவது போல் ஒப்பாரி வைத்தாள். கோடிப்புடவை பாக்கியலெட்சுமியுடையது. அந்த ஒடுங்கிய இஸ்தோப்பில் பிணத்தைச் சுற்றி இடைவெளி விடாமல், தோளோடு தோள் முட்ட அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இறந்தவளுக்குப் பக்கத்தில் நெருங்கி இருக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எட்டுச் சடங்கு முடிந்த அன்று, பாக்கியலெட்சுமியிடம் நான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் கேட்டேன்.

“ஏன் பிள்ளை, ஒரு சத்தம் வைச்சிருக்கலாமே?”

“கத்தக் கூடாதுன்னுதானே மாஸ்டர் பழகியிருக்கோம். நான் கத்தியிருந்தா அத்தன பேரையும் புடிச்சிருக்கும். அங்கம்மாக்கா எந்திரிச்சு ஓடுற வயசா?” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கை எட்டல மாஸ்டர். நீட்டுனேன். எட்டல.”

“எட்டுற தூரத்தில நிண்டிருக்கலாம்.”

அவள் வலது கையை இடது கையால் பிடித்து, அது தன்னுடையதா என்று பார்ப்பவள் போல் பார்த்தாள். அவளை வருத்தி எனக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை.

நிர்வாகம் விசாரணை செய்தது. இறந்தவள் பெயர் பதிந்த தொழிலாளி அல்லள் என்று கண்டறிந்தது. அதற்கு விசாரணை தேவைப்பட்டிருக்காது. மேல்மலைப் பாதையில், குளவி குறித்து எச்சரிக்கும் பலகையொன்றை நாட்டினார்கள். அதில் உள்ள தமிழில் மூன்று பிழைகள். திருத்திக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால், இதை ஓர் இரங்கற் குறிப்பாக எழுதியிருப்பேன். முடியவில்லை. சென்ற வாரம் பெரட்டுக்களத்தில் ஜெயந்தினி நின்றாள். தாயின் நீலச் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தாள். இஸ்தோப்பில் இருப்பவர்கள் வேலைக்குப் போகாவிட்டால் இஸ்தோப்பிலும் இருக்க முடியாது. வேறு வழி அவளுக்கு இல்லை. நான் வேலியருகே போனேன்.

“இவளை எங்கே நிப்பாட்டப் போறியள், கங்காணியார்?”

“அம்மா நின்ன எடந்தான் மாஸ்டர். கடேசி நிரை.”

“பக்கத்தில ஆர்?”

வீரசிங்கம் பெண்களைப் பார்த்தார். பெண்கள் பாக்கியலெட்சுமியைப் பார்த்தார்கள். பாக்கியலெட்சுமி நிலத்தைப் பார்த்தாள். கடைசியில் அங்கம்மாவே வாய் திறந்தாள். கெட்ட மனமுடையவள் அல்லள் அவள். ஜீவராணிக்காக வாய்விட்டு அழுதவள்.

“அது சாவு விழுந்த நிரை மாஸ்டர். அதோட ஒட்டி நிக்க எல்லாருக்கும் பயமா இருக்குல்ல? புள்ளகுட்டிக்காரிங்க. ஒரு வருசம் போகட்டும்னு பேசியிருக்கோம்.”

“அப்ப பழையபடி ஒரு நிரையைச் சும்மா விடப் போறியளோ?”

அவள் தயங்கினாள். “ரெண்டு மாஸ்டர்.”

எனக்கு முன்னால் ஜெயந்தினி பேசினாள். தாயின் அதே முகாம் தமிழ், அதே பணிவு. “பரவால்ல சார். நான் அடிக்கடி திரும்பிப் பாத்துக்குறேன்.”

திரும்பித் திரும்பிப் பார்ப்பவளால் கொழுந்து பறிக்க முடியாது. பறிக்காவிட்டால், மாலையில் தராசில் ஒன்றும் இராது. அவள் பார்க்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பெரட்டுக் கலைந்தது. அவர்கள் வரிசையாக மலையேறினார்கள். பாதையிலேயே அவளுக்கு முன்னால் இரண்டு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி விழுந்துவிட்டது.

மேல்மலையில் அடுத்த றவுண்டு திங்கட்கிழமை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனி எனக்கு மிஞ்சியிருப்பது, இதை வாசிக்கும் நீங்கள் மட்டுமே. நீங்கள் வேலை செய்யும் இடத்திலும், ஓடி வந்தவர், திரும்பி வந்தவர், வேறு பேச்சுப் பேசுபவர் என்று ஒருவர் கடைசியில் நிற்கிறார். அவருக்கும் உங்களுக்கும் இடையில், சண்டை வராமலிருக்க விட்ட ஓர் இடைவெளி இருக்கிறது. எனக்கு உங்கள் அனுதாபம் வேண்டாம். அதைச் சாவீட்டில் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். அடுத்த றவுண்டுக்குப் பார்ப்போம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். நாளைக் காலை எழுந்து போய், கை எட்டும் தூரத்தில், அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.